ஒரு முழம் கீழே இறங்கிய ஈயக்குண்டு

பட்டறைக்குப் புதுசா வந்திருக்கிற தம்பிமாருக்கும், அவங்களோட வந்திருக்கிற ஒரே தங்கச்சிக்கும் வணக்கம். உங்க எல்லார் கையிலயும் சான்றிதழ் இருக்காம். நான் சேர்றப்ப என்கிட்ட இருந்தது ஒரு காக்கிச் சட்டையும் ஒரு ஸ்பானரும்தான். அதுலயும் ஸ்பானர் தோட்டத்தோடது. அப்படியிருந்தும் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில முப்பத்தெட்டு வருஷம் பிட்டரா, அதான் மெசின் பழுது பார்க்கிறவனா, குப்பை கொட்டினேன். ரெண்டு வருஷத்துக்கு முன்ன மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒண்ணு கொடுத்து வீட்டுக்கு அனுப்புனாங்க. மாலை அன்னைக்கே வாடிருச்சு. கடிகாரம் அடுத்த மாசம் நின்னுருச்சு. நானே தெறந்து பார்த்தேன், இன்னும் ஓடல. அதனால நான் சொல்றத எவ்வளவு நம்பணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

கொழுந்து உருட்டுற ரோலரை எப்படிக் கழட்டுறது, பேரிங் எப்படி மாத்துறதுங்கிறதெல்லாம் உங்க போன்லயே இருக்கு. வெள்ளைக்காரன் ஒருத்தன் கையுறை போட்டுக்கிட்டு அழகாச் செஞ்சு காட்டுறான். அவன் கையில ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. அதை அவன்கிட்டயே கத்துக்கங்க. நான் சொல்லப் போறது ஒரு துவக்கை, அதான் துப்பாக்கியைப் பத்தி. தேயிலை பெக்டரி பிட்டருக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. தோட்டத்துல பிட்டருக்குச் சம்பந்தமில்லாத சாமான்னு ஒண்ணு கிடையாது. மேனேஜர் பங்களா நோனாவோட தையல் மெசினும் நம்ம தலையிலதான் விழும், கோயில் மைக்கும் நம்ம தலையிலதான் விழும்.

எங்க பெரிய தொரை, அதான் தோட்டத்து மேனேஜர், அவர்கிட்ட ஒரு ஏர் ரைபிள் இருந்துச்சு. லைசன்ஸ் எல்லாம் ஒழுங்கு. அதுல வெடிமருந்து கிடையாது. உள்ள இருக்கிற ஸ்பிரிங் காத்தைத் தள்ளும், காத்து மிளகளவு ஈயக்குண்டைத் தள்ளும், அவ்வளவுதான். தூரத்துல இருக்கிறதக் கிட்டத்துல காட்டுறதுக்கு மேல ஒரு ஸ்கோப் பூட்டியிருந்தாரு. அந்த ஸ்கோப்பைத் துவக்கோட சேர்த்துப் பிடிச்சிருக்கிற ரெண்டு இரும்புக் கவ்விக்கு மவுண்ட்னு பேரு. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு.

துவக்கு தொரையோடது. அடிக்கிறது வாச்சர் லெச்சுமணன். ஏன்னா தொரை அடிச்சா புறா சாகாது, பழகிரும். லெச்சுமணன் வேற ரகம். முப்பது கெஜத்துல இருந்து மரத்துல தொங்குற ஒரு கொய்யாவக் காம்போட அறுத்து விழுத்துவான். நான் கண்ணால பார்த்திருக்கேன்.

புறா மேல எங்களுக்கு என்ன பகை? வெளிநாட்டுல தேயிலை வாங்குறவங்க முதல்ல பெக்டரியச் சுத்திப் பார்க்க வருவாங்க. கொழுந்து வாட்டுற மாடியில புறா எச்சம் ஒரு பொட்டு இருந்தாப் போதும், மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிப் போயிருவாங்க. இதே மாடியில கொழுந்தை மிதிச்சு நடந்த காலத்துல எல்லாரும் அந்த டீயைத்தான் குடிச்சாங்க, ஒருத்தரும் சாகல. இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

சம்பவம் நடந்த அன்னைக்கு கொழும்புல இருந்து கம்பெனி டைரக்டர், வாங்குறவங்களைக் கூட்டிக்கிட்டு பன்னெண்டு மணிக்கு வர்றதா ஏற்பாடு. காலையில ஒம்பது மணிக்குத் தொரை பட்டறை வாசல்ல நிக்கிறாரு. ஒரு கையில துவக்கு, மறு கையில ஸ்கோப். ஜீப் கதவுல இடிச்சு மவுண்ட் கழண்டுருச்சாம். இடிச்சது யாருன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.

“பிட்டர், இது கொழும்புக்கு அனுப்பணுமா?”ன்னு கேட்டாரு.

இந்த இடத்துல ஒரு புத்தியுள்ள மனுஷன் என்ன சொல்லுவான்? “ஆமாங்க ஐயா, இது என் வேலை இல்ல”ன்னு சொல்லுவான். நான் ஹெட் பிட்டராச்சே. “எதுக்குங்க ஐயா கொழும்பு? அரை மணிநேரம் கொடுங்க”ன்னு சொன்னேன்.

பிரிச்சுப் பார்த்தா பின்பக்கக் கவ்வி தேஞ்சு போயிருக்கு. எவ்வளவு இறுக்கினாலும் துவக்கு மேல இருக்கிற காடியில நிக்க மாட்டேங்குது. எங்க பெக்டரியில ஆடுறது எதுவானாலும் ஒரே மருந்துதான், தேயிலைச் சாக்கு. தூள் அடைக்கிற காகிதச் சாக்குக்கு உள்பக்கம் வெள்ளி மாதிரி ஒரு தாள் ஒட்டியிருக்குமே, அதேதான். கிழிஞ்ச சாக்கெல்லாம் பட்டறைக்கு வந்துரும். ஆபீஸ் மேசை ஆடுதா, சாக்குத் தாளை மடிச்சு வை. கதவுக் கீல் லூசா, சாக்குத் தாள். மாரியம்மன் தேருக்கு அச்சாணி தளர்ந்தப்பகூட நாங்க சாக்குத் தாள்தான் வெச்சோம், அம்மா ஒண்ணும் கோவிச்சுக்கல. ஆக, தாளை நாலா மடிச்சு, பின்கவ்விக்கு அடியில சொருகி, இறுக்குனேன்.

எனக்கு வேலை பழக்குனவர் ஒரு பெரிய மனுஷன். பேரு வேணாம், ஊருக்கே தெரியும். இத்தனை வருஷத்துல அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது மொத்தம் மூணே வார்த்தை: “இன்னும் ஒரு சுத்து.” அவர் இறுக்கி உடைஞ்ச போல்ட்டையெல்லாம் அள்ளிப் போட்டா ஒரு பாலம் கட்டலாம். அவர் சிஷ்யன் நான். இன்னும் ஒரு சுத்து இறுக்குனேன். ஸ்கோப்பைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தேன். அசையல. ரெண்டு கையாலயும் ஆட்டிப் பார்த்தேன். அசையவே இல்ல. அடடா, நம்ம கையே கைதான்னு நினைச்சுக்கிட்டேன்.

லெச்சுமணன் வந்தான். வாங்கிப் பார்த்தான். மெதுவாக் கேட்டான்.

“பிட்டரண்ணே, ஒரு பத்து வெடி இங்கயே வெச்சுப் பார்த்துட்டுக் கொண்டு போறேனே. புதுசாப் பூட்டுனது. குண்டு எங்க போகுதுன்னு தெரியணும்ல.”

எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. “என் வேலையை நீ சோதிச்சுப் பார்க்கப் போறியா? நான் பூட்டுன ரோலர் ராவும் பகலும் சுத்துது, ஒரு போல்ட் ஆடுனதில்ல. இந்தக் கால் கிலோ குழாய் ஆடப் போகுதா? போடா போ, தொரை கத்துறாரு.”

போயிட்டான். போற வழியில ரெண்டே ரெண்டு வெடி வெச்சு, ஸ்கோப்பைக் கொஞ்சம் திருகி, குறி சரியா இருக்குன்னு பார்த்திருக்கான். சரியாத்தான் இருந்திருக்கு. ரெண்டு வெடிக்கு என் வேலை நல்ல வேலைதான் தம்பிகளா. மூணாவதுல இருந்துதான் வினை.

ஸ்பிரிங் துவக்கு லேசான சாமான்னு நினைக்காதீங்க. பின்னாடி ஒரு உதை, முன்னாடி ஒரு உதைன்னு ரெண்டு பக்கமும் உதைக்கும். ரோலர் ஒரே மாதிரி சுத்துற சாது மாடு. இது அப்படியில்ல. ஒவ்வொரு வெடிக்கும் கவ்வி ஒரு மயிரிழை நகர்ந்து, என் வெள்ளித் தாள் ஒரு மயிரிழை வெளிய வந்திருக்கு. தாள் வெளிய வர வர ஸ்கோப்போட பின்பக்கம் கீழ இறங்கும். அது இறங்குனா குண்டும் கீழ இறங்கும். இதெல்லாம் எனக்கு அன்னைக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் நான் கேக்கல.

லெச்சுமணன் கிட்டத்துல உக்காந்திருந்த ஆறேழு புறாவ விழுத்திட்டான். கடைசியா ஒண்ணு மிச்சம். அதுக்குள்ள டைரக்டர் அரை மணிநேரம் முந்தியே வந்து சேர்ந்துட்டாரு. பெரிய ஆளுங்க எப்பவும் அப்படித்தான், வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு வந்தா மரியாதை குறைஞ்சுரும். தூறல் விழுந்துச்சுன்னு டிரைவர் வண்டியைத் தகரக் கூரைக்கு அடியில விட்டுட்டு, முன் சீட்டைச் சாய்ச்சுப் படுத்துட்டாரு. அந்தக் கடைசிப் புறா, உலகத்துல வேற இடமே இல்லாத மாதிரி, அதே தகரக் கூரை விளிம்புல வந்து உக்காருது. அதுக்கும் கீழ நிக்கிற வண்டியோட பின் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு முழம் இருக்கும்.

மேல் ரோட்டுல நின்ன லெச்சுமணன் துவக்கைத் தாழ்த்திட்டான். தொரை வராந்தாவுல, விருந்தாளிங்களுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, கையைக் கையைக் காட்டுறாரு, அடி அடின்னு. டைரக்டர் வண்டி மேல புறா எச்சம் போட்டுட்டா மானம் போயிரும்ல. லெச்சுமணன் யோசிச்சிருக்கான். ஒரு முழம் அவனுக்கு ஒரு மைல் மாதிரி. அடிச்சான்.

கண்ணாடி மொத்தமா நொறுங்குச்சு. புறா பறந்துருச்சு. டிரைவர் “அம்மே!”ன்னு அலறிக்கிட்டு வெளிய குதிச்சாரு, தலையெல்லாம் கண்ணாடித் தூள். நல்லவேளை, காதுல ஒரு கீறலோட போச்சு. அவர் பின் சீட்டுல படுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் நினைச்சுக்கிறேன்.

டைரக்டர் தொரையப் பார்த்தாரு. தொரை ஒரு நிமிஷம் யோசிச்சாரு, ‘கையைக் காட்டுனது நான்தான்’னு சொல்லலாமா, வேற ஏதாவது சொல்லலாமான்னு. வேற ஏதாவதுதான் சொன்னாரு. “இந்த ஆள் குடிச்சிருக்கிறான்.”

சொன்னதும் எல்லாருக்கும் நிம்மதியாப் போச்சு. கண்ணாடி எப்படி உடைஞ்சுச்சுன்னு இனி யாரும் யோசிக்கத் தேவையில்ல. குறி தப்பாத லெச்சுமணன் குறி தப்பியிருக்கான்னா குடிச்சிருக்கணும், வேற என்ன? மறுநாள் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல அவனுக்கு வேலை இல்லைன்னுட்டாங்க. எட்டாம் நாள் ஆபீஸ்ல விசாரணை. குத்தம் ருசுவானா வேலை போகும். வேலை போனா தோட்டத்து லயத்துல அவன் குடியிருக்கிற காம்பராவும் போகும். துவக்கைச் சாட்சியா ஆபீஸ் அலுமாரியில வெச்சுப் பூட்டிட்டாங்க.

இதுல இன்னொரு சங்கதி. லெச்சுமணன் பொஞ்சாதி பவளம் கொழுந்தெடுக்கிற பிள்ளை. அவ அப்பன் குடிச்சே செத்தவன். கல்யாணம் பேசுறப்பவே, “ஒரு சொட்டு குடிச்சாலும் பொகவந்தலாவைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்”னு சொல்லித்தான் கழுத்தை நீட்டுனா. பதினோரு வருஷமா அவன் கள்ளைக்கூட மோந்து பார்த்ததில்ல. தீபாவளிக்கு நாங்க எல்லாம் ஆடிக்கிட்டிருப்போம், அவன் மட்டும் ஒரு மூலையில சோடா குடிச்சுக்கிட்டிருப்பான். அவனை நாங்க கேலி பண்ணாத தீபாவளி இல்ல.

இப்ப என் கதைக்கு வாங்க. கண்ணாடி நொறுங்குன சத்தம் கேட்டதுமே கையில இருந்த ஸ்பானரைக் கீழ வெச்சேன். ‘மவுண்ட்’னு ஒரு வார்த்தை மண்டைக்குள்ள ஓடுச்சு. அடுத்த நிமிஷமே அதுக்குப் பதிலும் ஓடுச்சு: நீதான் ரெண்டு கையாலயும் ஆட்டிப் பார்த்தியே. அந்த எட்டு நாளும் நான் எனக்கே வக்கீலா இருந்தேன். நல்ல வக்கீல். ஒரு நாளும் தோக்கல. ஒருவேளை அவன் கை நடுங்கியிருக்கும். ஒருவேளை காத்தடிச்சிருக்கும். ஒருவேளை உண்மையிலயே குடிச்சிருப்பானோ, யாரு கண்டா. கடைசியில சொன்னேன் பாருங்க, அதுக்கு என்னைச் செருப்பால அடிச்சாலும் தகும்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் பெரிய கிளாக்கர் துவக்கைத் தூக்கிக்கிட்டு பட்டறைக்கு வந்தாரு. “பிட்டர், துவக்கு நல்ல நிலைமையில இருக்குன்னு ஒரு கடுதாசி வேணும். பார்த்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க”ன்னு சொல்லிட்டு வெளிய போய் போன் பேசிக்கிட்டிருந்தாரு.

துவக்கை மேசையில வெச்சேன். பார்த்தேன். என் வெள்ளித் தாள் பின்கவ்விக்கு வெளிய நாக்கை நீட்டிக்கிட்டிருக்கு. ஸ்கோப் ஒரு பக்கம் சரிஞ்சு உக்காந்திருக்கு. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும், அப்படி இருந்துச்சு.

இந்த இடத்தைக் கவனமாக் கேளுங்க. நான் யோசிக்கவே இல்ல. கெட்ட எண்ணமும் இல்ல, நல்ல எண்ணமும் இல்ல. கை தானாப் போச்சு. தாளை உள்ள தள்ளுச்சு, ஸ்பானரை எடுத்துச்சு, இறுக்குச்சு, இன்னும் ஒரு சுத்து இறுக்குச்சு. ஆடுற சாமானைக் கண்டா பிட்டர் கை சும்மா இருக்காது. பத்து செக்கன்ல லெச்சுமணனுக்கு இருந்த ஒரே சாட்சியை நானே அழிச்சுட்டேன். முடிச்ச பிறகுதான், அய்யய்யோ, என்ன காரியம் பண்ணிட்டோம்னு உறைச்சுச்சு.

அதுக்குப் பிறகாவது வாயைத் திறந்தேனா? கிளாக்கர் உள்ள வந்தாரு. “எல்லாம் ஓகேதானே?” துவக்கைப் பார்த்தேன். அந்த நிமிஷம் அது ஓகேதான். எழுதுனதுல ஒரு எழுத்துப் பொய் கிடையாது. கையெழுத்துப் போட்டேன், அழகா, பேருக்குக் கீழ ஒரு கோடும் இழுத்தேன்.

மறுநாள் ஆபீஸ் வாசல்ல ஒரே கூட்டம். லெச்சுமணன் ஒரு வெள்ளைச் சட்டை போட்டு ஓரமா நிக்கிறான். எட்டு நாள்ல எட்டு வயசு கூடிப் போயிருந்துச்சு. பவளம் ஜன்னல் பக்கம் மத்தப் பொம்பளைங்களோட நிக்குது. தோட்டத்துத் தொழிலாளர் சங்கத் தலைவர் லெச்சுமணன் காதுல ஓதிக்கிட்டிருக்காரு. நான் பக்கத்து வாங்குப் பலகையில உக்காந்திருந்ததால எல்லாம் கேட்டுச்சு.

“டேய், குடிச்சேன்னு ஒத்துக்கடா. கால்ல விழு. முதல் தடவைன்னு எச்சரிச்சு விட்டுருவாங்க, தொரைக்கிட்ட நான் பேசிட்டேன். குடிக்கலன்னு நின்னீன்னா, அப்ப உனக்குக் கண்ணு போச்சுன்னுருவாங்க. கண்ணு போன வாச்சரை வெச்சு என்ன பண்ணுவாங்க? வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

லெச்சுமணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான், “எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு தலைவரே. கண்ணுதான் போச்சோ என்னமோ.”

பாருங்க தம்பிகளா, என் வேலை மேல எனக்குச் சந்தேகம் வரல. அவனுக்கு அவன் கண்ணு மேலயே சந்தேகம் வந்துருச்சு.

உள்ள போனோம். தொரை நடுவுல. கிளாக்கர் என் கடுதாசியை எடுத்து, பூசாரி மந்திரம் சொல்ற மாதிரி ஒரு ராகத்துல வாசிச்சாரு. துவக்கு நல்ல நிலைமையில இருக்கு, இப்படிக்கு ஹெட் பிட்டர். தொரை லெச்சுமணனைப் பார்த்தாரு. “அப்ப துவக்குல பிழை இல்ல. நீ சொல்லு. குடிச்சியா?”

லெச்சுமணன் தலைவரைப் பார்த்தான். ஜன்னலை மட்டும் பார்க்கல.

“ஆமாங்க ஐயா. குடிச்சிருந்தேன்.”

ஜன்னல்ல பவளம் முகத்தை நான் பார்த்தேன். அழல, கத்தல. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, திரும்பி லயத்துப் பக்கம் நடந்துருச்சு. அப்பத்தான் எனக்குள்ள இருந்த வக்கீல் செத்தான்.

எந்திரிச்சேன். “ஐயா, அவன் குடிக்கலைங்க. தப்பு என்னோடது.”

கிளாக்கர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாரு. “நீங்க குடிச்சிருந்தீங்களா பிட்டர்?”

“நான் குடிச்சிருந்தாலும் இந்த வேலையை இதைவிட நல்லாச் செஞ்சிருப்பேன்”னு சொல்லிட்டு, எல்லாத்தையும் கொட்டுனேன். சாக்குத் தாள், பத்து வெடி கேட்டவனைத் துரத்துனது, தாள் வெளிய நீட்டிக்கிட்டிருந்தது, நேத்து என் கையே அதை இறுக்குனது, எதையும் விடல. யாரும் நம்பல. தலைவர் என் சட்டையைப் பிடிச்சு இழுக்கிறாரு, நடக்கவிருந்த நல்ல காரியத்தைக் கெடுக்கிறேனாம். கிளாக்கர் கடுதாசியை ஆட்டி ஆட்டிக் காட்டுறாரு. “நேத்து ஒரு கதை, இன்னைக்கு ஒரு கதையா? கூட்டாளியைக் காப்பாத்தப் பார்க்கிறீங்க.” என் கையெழுத்து, அதுக்குக் கீழ நான் இழுத்த கோடு, ரெண்டும் என்னைப் பார்த்துச் சிரிக்குது.

“ஐயா, இப்ப அது இறுகித்தான் இருக்கு. பத்துப் பதினஞ்சு வெடி வெச்சா திரும்பவும் கழரும். நீங்களே அடிச்சுப் பாருங்க”ன்னேன்.

தொரைக்குத் துவக்கை நீட்டுனா வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. எல்லாரும் வெளிய வந்தோம். ஆபீஸ் மதில் மேல ஒரு பிஸ்கட் டின்னை வெச்சோம். துவக்கை மூட்டை மேல சாய்ச்சு வெச்சுக்கிட்டு தொரை முதல் வெடியை வெச்சாரு. டங். ரெண்டாவது டங். மூணாவது, நாலாவது. தொரை முகத்துல ஒரு சிரிப்பு. முதல் தடவை அவசரத்துல இறுக்குனது கழண்டுச்சு. ரெண்டாவது தடவை ஒழுங்கா இறுக்கித் தொலைச்சுட்டேனோ? முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல, மாரியாத்தா, என் வேலை நாசமாப் போகணும்னு நான் சாமி கும்பிட்டது அன்னைக்கு மட்டும்தான்.

அஞ்சாவதும் டங். ஆறாவது டின்னோட அடி விளிம்புல பட்டு ஒரு மாதிரிச் சத்தம். ஏழாவது மதில்ல பட்டுச்சு, சுண்ணாம்பு தெறிச்சுச்சு. தொரை ஸ்கோப்பைத் துடைச்சாரு. எட்டாவது இன்னும் நாலு விரக்கடை கீழ. கிளாக்கர் மதிலோரம் நிப்பாட்டியிருந்த தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஓடுனாரு. ஒம்பது, பத்து, பதினொண்ணு. மதில்ல குண்டு பட்ட தடம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, ஏணிப்படி மாதிரி இறங்குது. பன்னெண்டாவது டின்னுக்குச் சரியா ஒரு முழம் கீழ.

அப்ப பின்னால இருந்து ஒரு கொழுந்துக்காரப் பொம்பளைச் சத்தம்: “தொரை வாயையும் கொஞ்சம் மோந்து பாருங்களேன்!” கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. யாரு சொன்னதுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் தெரியும்.

தொரை துவக்கைக் கவுத்துப் பார்த்தாரு. வெள்ளித் தாள் மறுபடியும் நாக்கை நீட்டிக்கிட்டிருந்துச்சு. அதை ரெண்டு விரலால உருவி, என் கையில வெச்சாரு. லெச்சுமணனைப் பார்த்து, “நாளைக்கு வேலைக்கு வா”ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் எதிர்பார்க்காதீங்க. யாரு கையைக் காட்டுனாங்கங்கிற பேச்சையும் யாரும் எடுக்கல. எனக்கு மட்டும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்துச்சு, என் சர்வீஸ்லயே முதலும் கடைசியும். அதுல மூணு எழுத்துப் பிழை. கடிதத்துல இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் நான் தகுதியானவன், பிழைகளுக்கும் சேர்த்து.

அப்புறம் அந்த மவுண்டை ஒழுங்காச் செஞ்சேன். காகிதம் இல்லாம, இரும்போட இரும்பா, பின்னால நகராம ஒரு தடுப்பும் வெச்சு. எப்படின்னு போன்ல பார்த்துக்கங்க. ஆனா பட்டறைய விட்டுப் போறதுக்கு முன்ன முப்பது வெடி வெச்சோம். ஒரு சாமானைக் கையால ஆட்டிப் பார்க்கிறது சோதனை இல்ல தம்பிகளா, அது நம்ம கையை நாமே தட்டிக் கொடுத்துக்கிறது. அது எந்த வேலைக்குப் போகுதோ அந்த வேலையில வெச்சுப் பாருங்க. அதைத் தினம் பிடிக்கிறவன் ‘பத்து வெடி’ன்னு கேட்டா இருபது கொடுங்க. அப்புறம், ஆடுற சாமான் ஒண்ணைக் கண்டா முதல்ல ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க. ஏன் ஆடுதுன்னு பார்த்த பிறகு இறுக்கிக்கலாம். ஸ்பானர் எங்கயும் ஓடிப் போகாது.

இத்தோட முடிச்சா நான் ஏதோ பெரிய ஹீரோ மாதிரி ஆயிரும். உங்களுக்கு மிச்சத்தையும் சொல்லிடறேன்.

அன்னைக்குச் சாயங்காலமே லயத்துக்குப் போனேன். லெச்சுமணன் வாசல்ல குந்தியிருந்தான். என்னைப் பார்த்து, “வாங்கண்ணே”ன்னு சொல்லி, நகர்ந்து வழி விட்டான். பவளம் உள்ள ரொட்டி தட்டிக்கிட்டிருந்துச்சு. நான் நிலைப்படியில நின்னு, ஊர்ல இருக்கிற அத்தனை வார்த்தையையும் மென்னு முழுங்கிட்டு, “தங்கச்சி, அவன் குடிக்கல. எல்லாம் என் தப்பு. அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்”னேன்.

“தெரியும்ண்ணே. தொரை அடிச்சத வீடியோ எடுத்துக் கொண்டாந்து காட்டுனாங்க”ன்னு சொல்லுச்சு. சரி, நல்லபடியா முடிஞ்சுதுன்னு திரும்பப் போனேன்.

அது ரொட்டியை அடுப்புல போட்டுட்டு, என்னைப் பார்க்காமலே பேசுச்சு.

“இந்த எட்டு நாளும் அவரு சாப்பிட உக்காந்தா, வாயத் தெறங்க, மோந்து பார்க்கணும்னு சொல்லுவேண்ணே. மோந்து பார்த்துட்டுத்தான் சோறு போடுவேன். ஒரு நாளும் வாட அடிக்கல. இருந்தும் நான் நம்பல. அவரு கோவப்படல, சத்தம் போடல. பிள்ளைங்க முன்னாடி, நான் சொன்ன உடனே வாயத் தெறந்து காட்டுனாரு. நீங்க முத நாளே வந்து சொல்லியிருந்தா, நான் அதைப் பார்த்திருக்க மாட்டேனேண்ணே.”